செபமாலைபுரத்தின் பன்னிரண்டாவது நாற்காலி

எங்கள் கோயில் பங்கில் தாழ்மைக்கு ஒரு குறைவும் இல்லை. அந்தத் தாழ்மையில் யாருக்கு முன்வரிசை என்பதில்தான் வருடா வருடம் தகராறு. ராஜபாளையத்திலிருந்து தளவாய்புரம் போகிற வழியில் செபமாலைபுரம் வியாகுல மாதா கோயில் எங்கே என்று எந்த ஆட்டோக்காரரிடம் கேட்டாலும், "சண்டை போடுவாங்களே, அந்தக் கோயிலா?" என்று கேட்டுவிட்டு வழி சொல்வார்.

பெரிய வியாழக்கிழமை சாயங்காலப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவுவது எல்லாக் கத்தோலிக்கக் கோயிலிலும் உள்ள வழக்கம். இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துச் செய்வது. மற்ற ஊர்களில் கையில் அகப்பட்ட பன்னிரண்டு பேரை உட்கார வைத்துக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் ஊரில் ஒரு வருடம் முதல் நாற்காலி யாருக்கு என்று கைகலப்பாகிவிட்டது. விலக்கிவிட வந்த ஏட்டு எங்கள் பங்குக்காரராகப் போய், அவரும் ஒரு நாற்காலி கேட்டார். அதற்கப்புறம்தான் பங்குப் பேரவை கூடி, ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரு திருத்தூதர் பெயரை ஸ்டிக்கர் அடித்து ஒட்டியது. பேதுரு நாற்காலி பேரவைத் துணைத்தலைவருக்கு. யோவான் நாற்காலி செயலருக்கு. இப்படியே இறங்கிக்கொண்டு வந்து கடைசி நாற்காலிக்கு, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் பெயரை ஒட்டினார்கள். ஸ்டிக்கர் கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரே சைஸில் அடித்துவிட்டார் என்று பேதுருவுக்கு இன்றைக்கு வரை வருத்தம்.

யூதாஸ் நாற்காலியில் இதுவரை உட்கார்ந்தவர் கோயில்பிள்ளை சவரிமுத்து. மணியடிக்கிறவர், வாய் திறந்து பேசாதவர். அதன் பலன், அவர் வீட்டுக்கு 'யூதாஸ் வீடு' என்றே பெயராகிவிட்டது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன்கூட தெருமுனையில் நின்று, "யூதாஸ் வீடு எதுங்க?" என்று கத்துவான். போன வருடம் அவர் மகனோடு கோயம்புத்தூரில் இருக்கப் போய்விட்டார். காரணம் கேட்டதற்கு, "அங்க என்னைச் சவரிமுத்துன்னு கூப்பிடுதாக" என்றார். அவர் நீளமாகப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். நான் பாடகர் குழுவில் தபேலா வாசிக்கிறவன். பீடத்துக்குப் பக்கத்தில் உட்காருவதால் எல்லாம் என் கண்ணில் படும், காதில் விழும்.

ஆக, இந்தத் தவக்காலத்தில் யூதாஸ் நாற்காலி காலி. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் பேரவை அவசரமாகக் கூடியது. தலைமை பங்குச்சாமியார். அவருக்கு நல்ல மனசு, மெல்லிய குரல். இரண்டும் எங்கள் பங்கில் செல்லாது.

"பதினோரு பேர் போதுமே?" என்றார் சாமியார்.

"பதினொன்னுன்னா ஃபுட்பால் டீம் மாதிரி இருக்கும் சாமி" என்றார் துணைத்தலைவர் இன்னாசி. போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது போலீசுக்கு மட்டும்தான் தெரியும்.

"அப்போ யூதாசுக்குப் பதிலா மத்தியான்னு ஒட்டிருவோம். யூதாஸ் போன இடத்துக்கு அவரைத்தானே தேர்ந்தெடுத்தாங்க" என்றார் சாமியார்.

செயலர் சூசைமாணிக்கம் எழுந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்தவர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "சாமி மன்னிக்கணும். மத்தியா பதவி ஏத்தது ஆண்டவர் விண்ணகம் போன பொறவு. பெரிய வியாழன் அன்னைக்கு அவருக்கு நியமனமே வரலை. பதவிக்கு வராத ஆளை உக்கார வச்சு, நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா பேரவை என்ன பதில் சொல்லும்?"

அந்தக் கேள்வியை இரண்டாயிரம் வருடமாக யாரும் கேட்கவில்லை என்று சாமியார் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் வாசலில் பால்சாமி வந்து நின்றான். ஆள் தேடிக்கொண்டிருக்கிற இடத்துக்கு ஆள் தானாக வந்தது.

பால்சாமி தளவாய்புரத்தில் ஒரு நைட்டி கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கோயிலில் கடைசி பெஞ்சு, பூசை முடிந்ததும் முதல் ஆளாக வீடு. அவன் மகள் ஜெர்லினுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை பார்த்து, ஈஸ்டர் முடிந்த வாரம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பெண் மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். மூன்று ஓலை வாசிக்காமல் எங்கள் கோயிலில் தாலி ஏறாது. ஜெர்லினுக்கு இரண்டு ஓலை ஆகிவிட்டது. மூன்றாவது எப்போது என்று கேட்கத்தான் பால்சாமி வந்திருந்தான். அறிவிப்பு வாசிக்கிறவர் செயலர்.

"வாரும் பால்சாமி, உக்காரும்" என்றார் செயலர். அந்த மரியாதையைக் கேட்டு பால்சாமி ஓர் எட்டு பின்னால் போனான். "ஓலைக்கு என்ன அவசரம்? ஈஸ்டர் ஞாயிறு வாசிச்சிருவோம். அதுக்கு முந்தி வியாழக்கிழமை ஒரு சின்ன வேலை. ஒரு நாற்காலியில செத்த நேரம் உக்காரணும். அம்புட்டுத்தான்."

"எந்த நாற்காலிய்யா?"

எல்லாரும் மூலையில் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார்கள். பால்சாமிக்குப் புரிந்துவிட்டது. "ஐயா, எம்மக கல்யாணம்யா" என்றான்.

"அதுக்குத்தானே சொல்லுதேன்" என்றார் செயலர்.

அவனை பைக்கில் கூட்டிக்கொண்டு வந்த பேச்சிமுத்து வெளியே நின்றிருந்தான். அதே கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவன். நண்பன் முகம் வெளுத்ததைப் பார்த்து உள்ளே வந்து, "நான் உக்காருதேன் சாமி. என் காலை ஒருத்தர் கழுவி விட்டா எனக்கென்ன கசக்கவா செய்யும்? வீட்டுல எம் பொண்டாட்டி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கா" என்றான்.

பேரவை இதைக் கால் மணி நேரம் விவாதித்தது. பேச்சிமுத்து கருப்பசாமி கும்பிடுகிறவன். ஞானஸ்நானம் பெறாதவர் ஆண்டவரைக் காட்டிக்கொடுக்கத் தகுதி இல்லாதவர் என்று இன்னாசி தீர்ப்புச் சொன்னார். "காட்டிக்கொடுக்கிறதுன்னா உள்ள இருக்கிற ஆளுதான் செய்யணும். வெளியாள் செஞ்சா அது வேற கேஸ்" என்றார். போலீஸ் அனுபவம். நாற்காலி பால்சாமிக்கே என்று முடிவானது.

மறுநாள் நைட்டி கம்பெனியில் பால்சாமியை யாரும் மாஸ்டர் என்று கூப்பிடவில்லை. மூன்றாவது நாள் செய்தி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் அப்பா பொன்னுராஜ் பஸ் ஏறி நேரே வந்துவிட்டார். பால்கோவா போடுகிறவர். நாள் முழுவதும் இனிப்பைக் கிண்டுகிறவருக்கு நாக்கில் மட்டும் இனிப்பு ஒட்டுவதில்லை.

"சம்பந்தி, நான் கடை வச்சிருக்கேன். நாலு பேர் வாராக, போறாக. 'உம்ம மகன் யூதாஸ் வீட்டுலயா பொண்ணு எடுக்கான்'னு கேட்டா நான் பால்கோவாவை எடுத்து வாயில போட்டுக்கிட்டு நிக்கவா?"

"அது சும்மா நாற்காலிங்க. சாமியாரு காலைக் கழுவுவாரு."

"சவரிமுத்துவுக்கும் சும்மா நாற்காலிதானே? அந்த மனுசன் ஊரையே விட்டுப் போயிட்டாராமே. நல்லா கேட்டுக்கிடும். வியாழக்கிழமை நான் கோயிலுக்கு வருவேன். நீர் அந்த நாற்காலியில உக்காந்திருந்தா, அப்படியே கடைசி பஸ்ஸைப் பிடிச்சுப் போயிருவேன். கல்யாணம் நமக்குச் சரிப்படாது."

உட்கார்ந்தால் சம்பந்தி போய்விடுவார். உட்காராவிட்டால் ஓலை போய்விடும். பால்சாமியின் மனைவி சீனியம்மாள் இரண்டு நாள் அடுப்பு பற்ற வைக்கவில்லை. கிருஷ்ணன்கோவில் காலேஜ் லேபில் வேலை பார்க்கிற ஜெர்லின் மட்டும், "ஒரு பிளாஸ்டிக் சேருக்காக என் கல்யாணம் நிக்குமாப்பா?" என்று கேட்டாள். அவளுக்கு எங்கள் பங்கைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது, காலையில் போய் ராத்திரி வருகிற பிள்ளை.

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு பூசை முடிவில் சாமியார் ஓர் அறிவிப்புச் செய்தார். இந்த வருடம் பெரிய வியாழனுக்கு ஆயரே, அதாவது பிஷப்பே, வருகிறார். கோயில் முழுக்கக் கைதட்டல். ஆனால் ஆயருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பன்னிரண்டு தடவை குனிய முடியாது. ஒரே ஒருவருடைய காலை மட்டும் கழுவி முத்தமிடுவார். மற்றவர்களுக்குச் சாமியார் கழுவுவார். கடைசியில் இருப்பவன் முதன்மையாவான் என்பதால் ஆயர் கடைசி ஆளுக்குத்தான் கழுவுவார். அது யூடியூபில் நேரலையாகப் போகும்.

கடைசி ஆள் என்றால் யூதாஸ்.

அன்று சாயங்காலமே பேரவை கூடியது. அதுவரை யூதாஸ் என்ற சொல்லை உச்சரித்தால் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டவர்கள், இப்போது அந்த நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார்கள். முதலில் எழுந்தவர் இன்னாசி.

"நான் முப்பது வருசம் போலீசுல இருந்தவன். காட்டிக்கொடுக்கிறது எப்படின்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. போன சாமியாரை மாத்தச் சொல்லி ஆயருக்கு மொட்டைக் கடுதாசி போட்டது யாரு? நான். அவருக்கு முந்தின சாமியாருக்கும் நான்தான். இந்தப் பங்குல யூதாஸ் நாற்காலி எனக்கு இல்லைன்னா வேற எவனுக்குய்யா?"

"எனக்கும் எழுதியாச்சா?" என்று சாமியார் மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் இல்லை சாமி. ஈஸ்டர் முடியட்டும்னு இருக்கேன்."

"கடுதாசியில பிழை திருத்தினவன் நான்" என்று செயலர் எழுந்தார். "நான் திருத்தலைன்னா அந்தச் சாமியார் இன்னும் இங்கதான் இருந்திருப்பாரு. தகுதின்னு பார்த்தா பாதி எனக்குச் சேரணும்."

பொருளாளர் யாகப்பன் வேதாகமத்தோடு வந்திருந்தார். "பணப்பை யார் கையில இருந்துச்சு? யூதாஸ் கையில. யோவான் எழுதியிருக்காரு. இந்தப் பங்குல பணப்பை யார் கையில? அந்த நாற்காலி எனக்குப் பதவி வழியா வருது. ஓட்டுக்கே விடக்கூடாது."

மாதா சபைத் தலைவர், ஆயர் வந்தால் ஓடிப்போய் அவர் மோதிரத்தை முதலில் முத்தி செய்வது தான்தான் என்றும், யூதாஸ் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்ததே முத்தம் கொடுத்துத்தான் என்பது எல்லாருக்கும் தெரியும் என்றும் சொன்னார். ஒருவர் தன் சொந்த அண்ணனை நில வழக்கில் காட்டிக்கொடுத்ததைச் சாட்சியோடு விளக்கினார். சாட்சி அந்த அண்ணன்தான். அவரும் அதே நாற்காலிக்குப் போட்டியில் இருந்தார்.

பால்சாமி மூலையில் நின்றிருந்தான். "ஐயாமாரே, நான் வேண்டாம்னுதானே சொல்லுதேன். யாராவது எடுத்துக்கிடுங்க" என்றான். அவனை யாரும் கவனிக்கவில்லை.

கடைசியில் செயலர்தான் வழி கண்டுபிடித்தார். பன்னிரண்டு நாற்காலிக்கும் யூதாஸ் என்றே ஸ்டிக்கர் ஒட்டுவது. கடைசி எது என்று பிரச்சினை வராமல் இருக்க நாற்காலிகளை வட்டமாகப் போடுவது. ஏகமனதாக நிறைவேறியது. எங்கள் பேரவையில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம்.

"அப்போ மத்த திருத்தூதர் எல்லாம் எங்கய்யா?" என்றார் சாமியார்.

"அவிய அடுத்த வருசம் வரட்டும் சாமி" என்றார் செயலர்.

பால்சாமியின் இடத்தில் இன்னாசியின் மைத்துனரைப் போட்டார்கள். பால்சாமிக்கு உயிர் வந்தது. ஓடிப்போய்ச் செயலர் காலில் விழாத குறையாக, "அப்போ ஓலைய்யா?" என்றான்.

"நாற்காலியை விட்டா ஆச்சா? ஆயருக்குச் செம்பும் துண்டும் எடுத்துக் கொடுக்க ஆள் வேணும். அதைச் செய்யும். பொறவு பார்ப்போம்."

இதற்கப்புறம் கால் பிரச்சினை வந்தது. ஆயர் முத்தமிடப்போகிற கால் வெடிப்பும் அழுக்குமாக இருந்தால் பங்குக்கு அவமானம் என்று, ஓய்வு பெற்ற நர்சம்மா தலைமையில் கால் சோதனைக் குழு அமைந்தது. அவர் பன்னிரண்டு பேர் காலையும் பார்த்துவிட்டு, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்வது ஆயருக்கு நல்லது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பன்னிரண்டு பேரும் ஒரு வேன் பிடித்து ராஜபாளையத்தில் ஒரு பியூட்டி பார்லருக்குப் போனார்கள். வாளி வாளியாக வெந்நீரில் கால்களை ஊறப் போட்டு உட்கார்ந்திருந்த அவர்களைப் பார்த்து, "எல்லாரும் ஒரே நாள்ல பொண்ணு பார்க்கப் போறீங்களா சார்?" என்று அங்கே வேலை செய்கிற பெண் கேட்டாளாம். "இல்லம்மா, நாங்க யூதாசுங்க" என்று இன்னாசி பெருமையாகச் சொன்னாராம்.

புதன்கிழமை ஒத்திகை. பன்னிரண்டு பேரும் ஒழுங்காக வட்டமாக உட்கார்ந்து காலை நீட்டிவிட்டார்கள். ஆயர் இடத்தில் குனிந்து கழுவுவதாக நடிக்க மட்டும் ஆள் கிடைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் முதுகில் ஒரு வலி இருந்தது. கடைசியில் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதுதான் ஆயர் என்று நினைத்துக்கொண்டு ஒத்திகையை முடித்தார்கள்.

வியாழக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. பொன்னுராஜ் சொன்னபடி வந்து முன் பெஞ்சில், பஸ்ஸுக்குப் போக வசதியாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பின்னால் சீனியம்மாளும் ஜெர்லினும். கடைசியில் பேச்சிமுத்து, யாரோ சொல்லிக் கொடுத்தபடி முழங்காலிட்டு, எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று தெரியாமல் அப்படியே இருந்தான். பன்னிரண்டு பேரும் வெள்ளை வேட்டியில் வந்தார்கள். வீட்டில் ஒரு தடவை, குழாயடியில் ஒரு தடவை காலைக் கழுவிவிட்டு, கோயில் வாசலில் பன்னீர் வேறு. பால்சாமி செம்போடும், தண்ணீர் பிடிக்கிற பேசினோடும் ஓரமாக நின்றான். அவன் நாற்காலியில் இல்லை என்று பொன்னுராஜ் பார்த்துவிட்டார். முகம் கொஞ்சம் இளகியது.

பிரசங்கம் முடிந்து ஆயர் மெதுவாக நடந்து வந்து வட்டத்துக்கு நடுவில் நின்றார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கழுத்தில் மாட்டிய மைக் வழியாக அவர் குரல் ரோடு வரைக்கும் குழாய் ஸ்பீக்கரில் கேட்டது.

"இதுல கடைசி ஆள் யாரு?"

பன்னிரண்டு கைகள் உயர்ந்தன.

ஆயர் வட்டத்தை விட்டு வெளியே வந்து, ஒரு நாற்காலியின் முதுகில் இருந்த ஸ்டிக்கரைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். அதற்கடுத்ததையும் படித்தார். "உங்கள்ல யாருப்பா யூதாஸ்?"

"நான்தான் ஆண்டவரே!" என்றார் இன்னாசி. "நான்தான் ஆண்டவரே!" என்று செயலர். "ஆண்டவரே, நான்!" என்று பொருளாளர் எழுந்தே விட்டார். போன ஞாயிறு வாசித்த இயேசுவின் பாடுகளின் வரலாற்றில், காட்டிக்கொடுக்கப்போவது தானோ என்று சீடர் ஒவ்வொருவரும் நடுங்கிப்போய்க் கேட்டதாக வரும். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சந்தேகமே இல்லை.

ஆயர் யோசித்தார். பிறகு கேமராவைப் பார்த்துத் திரும்பிப் பேசினார்: "அன்புக்குரியவர்களே, ஒருவருக்குக் கழுவினால் மற்றவர்கள் மனம் நோகும். தாழ்மை என்பது மனதில் இருக்க வேண்டியது, முழங்காலில் அல்ல. நான் என் மனதால் குனிந்துவிட்டேன். தண்ணீர் ஊற்றுகிற வேலையை வேறு யாராவது பார்க்கட்டும்." சொல்லிவிட்டுத் தம் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

வேறு யாராவது என்றால் யார்? சாமியாராவது கழுவலாம் என்று எழுந்தார். ஆயர் குனியாத இடத்தில் அவர் குனிந்தால் ஆயருக்குக் குறைவு என்று செயலர் காதில் சொல்லி உட்கார வைத்துவிட்டார். பன்னிரண்டு பேரும் காலை நீட்டியபடி காத்திருந்தார்கள். நேரலை ஓடிக்கொண்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் தபேலாவைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

செம்பு பால்சாமி கையில் இருந்தது. துண்டு அவன் தோளில் இருந்தது. எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். மகள் ஓலையை நினைத்தானோ, வேலை முடிந்தால் சரி என்று நினைத்தானோ, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு முழங்காலிட்டான். ஒவ்வொரு காலாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்தான். பார்லர் கிரீம் வழுக்கியதால் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி பக்குவமாகக் கழுவினான். "ஏலே, வலது காலைக் கழுவு, கேமரா இந்தப் பக்கம் இருக்கு" என்றார் இன்னாசி. அதை எங்கள் பாடகர் குழு மைக் பிடித்து, குழாய் ஊருக்குச் சொன்னது. பன்னிரண்டு பேர் காலைக் கழுவியும் பேசினில் விழுந்த தண்ணீர் குடிக்கிற மாதிரி சுத்தமாக இருந்தது.

பொன்னுராஜ் கடைசி பஸ்ஸைப் பற்றி மறந்துபோனார்.

ஈஸ்டர் ஞாயிறு பூசை முடிவில் செயலர் அறிவிப்புக்கு வந்தார். ஆயருக்கு நன்றி, பன்னிரண்டு யூதாஸ்களுக்கு நன்றி, வேன் உபயத்துக்கும் பார்லருக்கும் நன்றி. பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "பெரிய வியாழன் அன்று பால்சாமி என்பவர், பேரவைத் தீர்மானம் எதுவும் இல்லாமல், தன்னிச்சையாக, இயேசுவின் இடத்தில் இருந்து பணி செய்திருக்கிறார். இயேசுவின் இடத்துக்குப் பேரவை இதுவரை யாரையும் நியமிக்கவில்லை. இது குறித்து அவர் விளக்கம் தர வேண்டும்."

கடைசி பெஞ்சில் பால்சாமி எழுந்து நின்றுவிட்டான். ஓலை போச்சு என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சாமியார் அன்றைக்கு மட்டும் குரலை உயர்த்தினார். "முதல்ல ஓலையை வாசியும்" என்றார்.

செயலர் வேண்டா வெறுப்பாக வாசித்தார். செபமாலைபுரம் பால்சாமி, சீனியம்மாள் இவர்களின் மகள் ஜெர்லின். ஸ்ரீவில்லிபுத்தூர் பொன்னுராஜ் மகன். மூன்றாம் முறை. "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள்..." என்று நிறுத்தி, பேரவைக்காரர்கள் உட்கார்ந்திருந்த முன் பெஞ்சைப் பார்த்தார்.

ஓலைக்கென்றே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த பொன்னுராஜ் எழுந்தார்.

"இந்த ஊர்லயே யூதாஸ் இல்லாத வீடு எஞ் சம்பந்தி வீடு ஒன்னுதான். அதை ஆயர் முன்னாலயே, மைக்கு வச்சு, நீங்களே ஒத்துக்கிட்டீக" என்றார். "தடை சொல்லுத யூதாஸ் யாருய்யா? எந்திரிங்க, பார்ப்போம்."

பன்னிரண்டு பேரும் பளபளவென்றிருந்த தங்கள் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.